ஆகாயத்திலிருந்து நோட்டீஸ் போட்ட காலம்

ரயில் பாதை ஓரமாகவே நடந்தால் பொழுது சாய்வதற்குள் குளுவாங் வந்துவிடும் என்று தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் சொன்னார். அப்படியே நடந்துகொண்டிருந்தேன். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. எச்சில் விழுங்கினால் இரத்த ருசி வந்தது. தோளில் ஒரு கோணிப்பை. அதற்குள் ஒரு சட்டை, ஒரு கைலி, பாதி பிரித்த நோட்டீஸ் கட்டு. அவ்வளவுதான் என் சொத்து.

எனக்குப் பின்னால், ஒரு ரப்பர் தோட்டத்துத் திடலில், ஏரோப்ளேன் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு வாலைத் தூக்கியபடி நின்றது. அன்று காலை அதில் உட்கார்ந்து அந்தத் தோட்டத்துக்கு வந்தவன் நான். பிற்பகலில் கால்நடையாகத் திரும்பினேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். சரியாகச் சொல்ல என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தேன். பிறகு பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன், அதை விட்டேன். மூவாரில் நாற்காலி செய்கிற கடையில் ஒன்றரை வருடம் உப்புத்தாள் தேய்த்தேன், அதையும் விட்டேன். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. என்னை அனுப்ப எந்தத் தோட்டத்துக் கணக்கிலும் நான் இல்லை. அதனால் தங்கிவிட்டேன். எங்கே சோறு கிடைத்ததோ அங்கே வேலை செய்தேன்.

சிகாமட்டில் ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நாள், சந்தைக்குப் பக்கத்துத் திடலில் கூட்டமாக நின்றார்கள். எட்டிப் பார்த்தேன், ஒரு ஏரோப்ளேன். இரண்டு சிறகு மேலும் கீழுமாக, முன்னும் பின்னுமாக இரண்டு குழி, குழிக்குள் இருக்கை. மரச் சட்டத்தின்மேல் துணியை இழுத்து ஒட்டி வண்ணம் பூசியிருந்தார்கள். நாற்காலிக் கடையில் வேலை செய்தவன் என்பதால் எனக்கு அந்தச் சட்டங்களைப் பார்த்ததும் ஆச்சரியம். இதை யாரோ கையால் செய்திருக்கிறார்கள், மரத்தை இழைத்து, பசை போட்டு. இதுவா பறக்கிறது? அது பறந்தது. ஒரு சீன முதலாளி காசு கொடுத்து முன் குழியில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்கியதும் வாந்தி எடுத்தார். கூட்டம் கைதட்டியது. நான் அன்று சாப்பிடப் போகவில்லை.

ஓட்டினவர் ஒரு இளம் வெள்ளைக்காரர். அவரும் வேலை போனவர்தான். தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்தவரை விலை விழுந்ததும் அனுப்பிவிட்டார்கள். கையிலிருந்த பணத்தில் இந்தப் பழைய விமானத்தை வாங்கி ஊர் ஊராக ஆட்களை ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கற்ற தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது. ஆனால் தோட்டத் தமிழ் மட்டும்தான். என்னைப் பார்த்து அவர் முதலில் சொன்னது, "ஏய், சும்மா நிக்காத, எண்ணெய் டின்னத் தூக்கு" என்பது. தூக்கினேன். அன்றிலிருந்து எட்டு மாதம் அவரோடு இருந்தேன்.

வேலை இதுதான். பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றுவேன். காற்றாடியைக் கையால் சுற்றிவிடுவேன். அதைவிட முக்கியமானது தரை பார்ப்பது. அடுத்த ஊருக்கு நான் முன்னதாகவே ரயிலிலோ நடந்தோ போய்விட வேண்டும். விமானம் இறங்குகிற மாதிரி ஒரு திடல் தேட வேண்டும். இரண்டு டின் தண்ணீரைத் தோளில் காவடியாகத் தூக்கிக்கொண்டு அந்தத் திடலைக் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். குதிகால் எங்கே புதைகிறதோ அங்கே சக்கரமும் புதையும். கெட்டியான தரையை ஒட்டி நீளமாக வெள்ளைத் துணியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்க வேண்டும். துணியை ஒட்டி அவர் இறங்குவார். புதுத் திடல் என்றால் நான் தரையில் நின்றே ஆக வேண்டும். அது எங்களுக்குள் சட்டம்.

நாலைந்து ஊர் போனதும் ஏறுகிற ஆட்கள் குறைந்தார்கள். வேடிக்கை பார்க்க ஆயிரம் பேர் வந்தார்கள், காசு கொடுத்து ஏற மூன்று பேர்தான் வந்தார்கள். விமானத்துத் துரை சுருட்டைக் கடித்துக்கொண்டு சிறகடியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நோட்டீஸ் யோசனை எனக்கு வந்தது. குளுவாங் ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நானாவிடம் போனேன். நானா என்றால் அண்ணன்; கடற்கரை ஊர் முஸ்லிம் அவர், முப்பது வருடமாக அந்தக் கடையை நடத்துகிறவர்.

"நானா, உங்க கடைப் பேர காகிதத்துல அடிச்சுக் குடுங்க. ஆகாசத்துல இருந்து ஊர் மேல போடுறோம்."

"காகிதம் காட்டுல விழுந்தா? கொரங்கா வந்து எங் கடையில சோறு திங்கும்?"

"கொரங்கு வராது நானா. கையில குடுத்த காகிதத்த எவனும் படிக்க மாட்டான். ஆகாசத்துல இருந்து விழுந்தத படிக்காம விடுவானா?"

"படிக்கத் தெரியாதவன் என்னா செய்வான்?"

"தெரிஞ்சவன்கிட்ட ஓடுவான். அப்ப ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருது."

"அலமாக்! எத்தனாவது படிச்ச தம்பி நீ?"

"மூணாவது."

"நாலாவது படிச்சிருந்தா என் கடையவே எழுதி வாங்கியிருப்ப."

அவர் அடித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிச் சோறு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கே அண்டா காலி. ஒரு காகிதம் சீனத் தோட்டக்காரர் ஒருவரின் கீரைப் பாத்தியில் விழ, அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்து, இதற்கு ஏதாவது இனாம் உண்டா என்று கேட்டாராம். நானா அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினார்.

பிறகு சைக்கிள் கடை, மூவார் நாற்காலிக் கடை, துணிக்கடை என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஆள் பிடிப்பது, பேசுவது, அச்சகத்துக்கு ஓடுவது எல்லாம் என் பொறுப்பு. துரைக்கு மறுபடியும் முகம் தெளிந்தது. எனக்கு என்ன பங்கு வேண்டும் என்று கேட்டார். நோட்டீஸ் போடும்போது முன் குழியில் நான் உட்கார வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். சரி என்றார்.

மேலே போனதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஆனால் சொல்ல வரவில்லை. கீழே நான் வேலை செய்த தோட்டம், என்னை அடித்த கங்காணியின் வீடு, நான் பசியோடு நடந்த செம்மண் பாதை எல்லாம் கண்ணில் பட்டன. எதன்மேலும் கோபம் வரவில்லை. அதுமட்டும் நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது சில நாள் துரை என் தோளைத் தட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவார். அப்படியென்றால் விமானத்தைத் திருப்புகிற பிடியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். என் குழியிலும் ஒரு பிடி உண்டு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நேராகப் பிடிப்பேன். ஒருநாள் கீழே இறங்கியதும் சொன்னார், "மழ வரட்டும். எந்திரத்தப் பிரிச்சுப் பூட்டக் கத்துக்க. அது தெரிஞ்சா ஓட்டச் சொல்லித் தர்றேன். பரீட்சைக்கும் நானே எழுதிப் போடுறேன்." அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன்.

இனி அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். சம்பள நாளில் அங்கே இறங்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. கூட்டம் இருக்கும், நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒருவரையாவது ஏற்றிவிடுவார்கள். முந்தின நாளே போய்த் திடலைப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் செம்புறைத் தரை, கல் மாதிரி இருந்தது. கோயிலை ஒட்டிய பள்ளப் பக்கத்தில் ஒரு பழைய வாய்க்காலைப் போன வருடம்தான் மண் போட்டு மூடியிருந்தார்கள். மேலே புல் முளைத்து அழகாக இருந்தது. அங்கே என் கால் கணுக்கால்வரை புதைந்தது.

மறுநாள் நான் தரையில் நின்றிருக்க வேண்டும். ஆனால் வழியிலுள்ள தோட்டங்களின்மேல் நானாவின் புது நோட்டீஸைப் போட வேண்டியிருந்தது. துரை, இந்த முறை நோட்டீஸ் வேண்டாம், நீ தரையில் நில் என்றார். நான்தான் கேட்கவில்லை. மேலே போக வேண்டும் என்ற ஆசை. துணி விரிக்க ஆள் வைத்துவிட்டேன், ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்; பள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

நான் வைத்த ஆள் அந்தத் தோட்டத்து டோபி. ஐம்பது வயதுக்காரர், பெரிய குடும்பம். கூலி ஆட்கள் குடியிருந்த லயத்துக்கும், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாவுக்கும் அவர்தான் துணி வெளுப்பவர். அவரை மேட்டுப் பக்கம் கூட்டிப் போய்க் காட்டினேன்.

"அண்ணே, நாளைக்கு ஆகாசத்துல இருந்து தொர வர்றாரு. இந்தப் பக்கம் வெள்ளத் துணி விரிக்கணும். நாலு வேட்டி போதும். காத்துக்குப் பறக்காம கல்லு வைங்க."

"தொர வர்றாருன்னா விரிக்கத்தான் வேணும். எங்களுக்குத் தெரியாதா தம்பி? எங்க அப்பா காலத்துல இருந்து விரிக்கிறோம்."

"தெரிஞ்சா சரிண்ணே" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

அவருக்குத் தெரிந்தது நடைபாவாடை. சாமி புறப்படும்போதும், கரகம் வரும்போதும், மாப்பிள்ளை வரும்போதும், வருகிற கால் மண்ணில் படாமல் டோபி வெளுத்த துணியை வரிசையாக விரித்துக்கொண்டே போவார். எந்தத் தோட்டத்துத் திருவிழாவிலும் பார்க்கலாம். நானும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். துணி எதற்கு என்று அவர் கேட்கவில்லை, ஏனென்றால் அவருக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை. எதற்கு என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அவசரம்.

காலையில் பறந்து வந்தோம். பாதி நோட்டீஸைப் போட்டிருந்தேன். ரப்பர் மரங்கள் முடிந்து திடல் தெரிந்தது. கோயில் வாசலிலிருந்து திடலின் நடுவரை வெள்ளையாக ஒரு பாதை கிடந்தது. நாலு வேட்டியல்ல, நாற்பது ஐம்பது வேட்டியும் சேலையும் இருக்கும். ஒரு சுருக்கம் இல்லாமல் அவ்வளவு நேராக இருந்தது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம்தான் அது மூடின வாய்க்காலின்மேல் போகிறது என்பது உறைத்தது.

கத்தினேன். எந்திரச் சத்தத்தில் என் காதுக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கீழே நின்ற கூட்டம் முழுவதும் எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது. பின்னால் திரும்பி மேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். துரை அந்தப் பக்கம் நின்ற ஜனங்களைப் பார்த்து அவரும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். நான் உற்சாகத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். பிடியைப் பிடித்து இழுக்கலாமா என்று ஒரு நொடி கை போனது. பயம். இழுக்கவில்லை.

துணியை ஒட்டி அழகாகத்தான் இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டு உருண்டது. பிறகு யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றது. வால் எழும்பியது. முன்பலகையில் என் வாய் மோதியது. காற்றாடி உடைகிற சத்தம் கேட்டது, கீழ்ச் சிறகு ஒன்று மடங்கியது. கோயில் வாசலில் நாயனம் நடுவில் நின்றுபோனது. அந்த அமைதியில் முதலில் கேட்டது ஒரு பெண்ணின் குரல்: "அடியாத்தி, எஞ் சேல!" சக்கரத்தில் ஒரு சிவப்புக் கரைச் சேலை சுற்றிக்கொண்டிருந்தது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. துரைக்கு நெற்றியில் காயம். ஆபீஸ் வராந்தாவில் பெரிய துரை விசாரித்தார். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி பக்கத்தில் நின்றார். டோபி சேறு பட்ட வேட்டி ஒன்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யார்றா ஒன்ன அங்க விரிக்கச் சொன்னது?" என்று கிராணி அதட்டினார்.

"பறந்து வர்றவரு மண்ண மிதிக்கலாமாங்க? கோயில் வாசல்ல மால வச்சிருந்தோம். அங்கேருந்து தொடங்கி விரிச்சேன். துணி பத்தல. லயத்துல எல்லாரும் அவங்கவங்க வெளுத்தத குடுத்தாங்க."

பெரிய துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இருபத்து நாலு மணி நேரத்தில் டோபி குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்று கிராணி சொன்னார். டோபி கையிலிருந்த வேட்டியைப் பிரித்து, மறுபடியும் மடிக்கத் தொடங்கினார்.

என் துரை என்னைப் பார்த்தார். நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டிருந்தார். "நீ சொன்னியா, அந்த எடத்துல போடச் சொல்லி?"

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவர் என்னை வைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். திட்டியிருப்பார், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், மழைக்காலத்தில் எந்திரத்தைப் பிரிக்க என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்.

"நான்தான் தொர சொன்னேன்."

"அந்த எடத்துலயா?"

"அந்த எடத்துலதான். மண்ணு நல்லா இருக்குன்னு நெனச்சேன்."

அவர் நெற்றித் துணியைத் திருப்பி மடித்து வைத்துக்கொண்டார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. "அப்பப் போ" என்றார். பெரிய துரைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. டோபியை வேலைக்குப் போகச் சொன்னார்கள். என் துரைமேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவரிடம் இருந்ததும் அந்த ஒரு விமானம்தான்.

ரயில் பாதைவரை டோபி என்கூட வந்தார்.

"ஏந் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க போனா ஏழு பேரு போகணும். நான் போனா ஒரு பைதான போகுது."

"துணி விரிச்சது தப்பா?"

"துணி தப்பில்லண்ணே. நான் பக்கத்துல நின்னிருக்கணும்."

"ஆமா" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீங்க ஆகாசத்துல இருந்தீங்க. நான் யாருகிட்டக் கேக்குறது?"

குளுவாங் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நேராக நானா கடைக்குப் போனேன். நோட்டீஸ் பாதிதான் போட்டேன், மீதி இது என்று பையைத் திறந்து மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஒதட்டுக்கு மஞ்சள் வச்சியா?"

"இல்ல நானா."

"வை. காகிதம் கெடக்கட்டும், வட மடிக்க ஆகும். இங்க பாரு தம்பி, சிகாமட்டுல இன்னொரு கட போடப் போறேன். பேசத் தெரிஞ்ச ஆளு வேணும். கல்லாவுல நீ உக்காரு. சாப்பாடு, படுக்க எடம், அப்புறம் வருஷா வருஷம் பங்கு. இத விட்டா ஒனக்கு எவன் தருவான்?"

நல்ல வார்த்தை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வார்த்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. காகிதக் கட்டை மேசை ஓரமாக நகர்த்தி வைத்தேன். அடுத்த மேசையில் வண்டிக்காரர் ஒருவர், ஊருக்கு வெளியே காடு வெட்டுகிற இடத்துக்கு நாளைக்கு நாற்பது சோறு கூடுதலாக வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன காடு என்று கேட்டேன்.

"கவர்மெண்டு ஏரோப்ளேன் எறங்க எடம் போடுது. தெரியாதா? ரெண்டு வாரமா மரம் சாயுது."

நானா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "டேய். கல்லாவுல உக்கார வேண்டியவன் மண்ணு சொமக்கப் போறியா?"

"கேட்டுப் பாக்குறேன் நானா."

"அங்க ஒன்ன எவன் பறக்க விடப் போறான்? கூடையத்தான் குடுப்பான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டு எனக்கு மீன் வைக்கச் சொன்னார். அன்று கடையின் பின்கட்டில் படுத்தேன்.

காலையில் சோற்று வண்டியோடு போனேன். மரங்கள் சாய்ந்து கிடந்தன. வேர்க்கட்டைகளை எரிக்கிற புகை தரையோடு பரவியிருந்தது. குடை பிடித்துக்கொண்டு நின்ற மேற்பார்வையாளர் சிலோன்காரர்.

"முந்தி என்ன வேலை செய்தனீர்?"

"ஏரோப்ளேன் வேலைங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பறந்தனீரோ?"

"பறந்தேங்க."

"பிறகேன் இஞ்ச மண் வெட்ட வாறீர்?"

"அங்க மண்ணு சரியில்லீங்க. நான் சரியாக் கவனிக்கல."

அவர் என் உதட்டைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. மரம் வெட்டுகிற கூட்டம், கட்டை பிடுங்குகிற கூட்டம், வாய்க்கால் கூட்டம் என்று மூன்று இருக்கிறது, எதில் போடட்டும் என்றார். வாய்க்கால் என்றேன். அட்டைக் கடி, சேறு, யாரும் கேட்டு வாங்குகிற வேலையில்லை அது.

"ஓம், அங்க ஆள் குறைவுதான்" என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். கைநாட்டுக்கு மையைக் காட்டினார். நான் பென்சிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். திடலின் தாழ்ந்த மூலைக்கு நடந்தேன். அங்கே ஆறு பேர் முழங்கால் தண்ணீரில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாவதாக இறங்கினேன்.